கேட்காமல் வந்த ஆல்பம்: 2014-இல் யூ2 மீது எழுந்த கோபம் நியாயமானதா?

பழைய_நாடா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சென்ற வாரம் இன்னோர் இழையில், இலவசமாகக் கொடுத்ததற்காக வசை வாங்கிய இசைக்குழு உலகத்தில் யூ2 ஒன்றுதான் என்று ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார். அங்கேயே பதில் சொன்னால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்களும் இங்கே இருப்பதால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2014 செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோ நகரில் இருந்த ஃபிளிண்ட் சென்டர் அரங்கில், அதாவது 1984-இல் முதல் மெக்கின்டாஷ் கணினியை ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேற்றிய அதே அரங்கில், ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 6, ஆப்பிள் வாட்ச், ஆப்பிள் பே ஆகியவற்றை அறிமுகப்படுத்தியது. நிகழ்ச்சியின் கடைசியில் அயர்லாந்தின் யூ2 குழு மேடைக்கு வந்து ஒரு புதுப் பாடலைப் பாடியது. பாடி முடித்ததும் பாடகர் போனோவும் ஆப்பிளின் தலைவர் டிம் குக்கும், ஏதோ அந்த நிமிடத்தில்தான் யோசனை தோன்றியதுபோல ஒரு சிறு நாடகம் நடத்தி, விரல் நுனிகளை ஒட்டவைத்துக்கொண்டு ஐந்து எண்ணினார்கள். எண்ணி முடித்தபோது ‘ஸாங்ஸ் ஆஃப் இன்னொசென்ஸ்’ என்ற 11 பாடல்கள் கொண்ட ஆல்பம், 119 நாடுகளில் ஆப்பிளின் இணைய இசைக் கடையான ஐட்யூன்ஸில் கணக்கு வைத்திருந்த 50 கோடிப் பேருக்கும் மேலானோரின் கணக்குகளுக்குப் புறப்பட்டுவிட்டது. வரலாற்றிலேயே மிகப் பெரிய ஆல்பம் வெளியீடு இதுதான் என்று குக் மேடையிலேயே அறிவித்தார்.

அடுத்த சில நாட்களில் வந்தவை நன்றிக் கடிதங்கள் அல்ல. யூ2 என்றால் யார், அவர்கள் ஏன் என் போனில் இருக்கிறார்கள் என்று இளைஞர்கள் கேட்டார்கள். டைலர் த க்ரியேட்டர் என்ற ராப் பாடகர், தன் போனில் அந்த ஆல்பத்தைக் கண்டதை ஒரு பால்வினை நோயோடு ஒப்பிட்டு எழுதினார். ஆறே நாட்களில், செப்டம்பர் 15 அன்று, அந்த ஆல்பத்தைக் கணக்கிலிருந்து அகற்றுவதற்கென்றே ஒரு தனிப் பக்கத்தை ஆப்பிள் திறக்க வேண்டியதாயிற்று. ஒரே ஓர் ஆல்பத்தைத் துடைத்தெடுக்க அதை விற்கும் கடையே துடைப்பம் செய்து கொடுத்ததை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

என் கருத்து இது. கோபம் பாட்டின் மீது எழுந்ததன்று, இலவசத்தின் மீதும் எழுந்ததன்று. அந்த ஆல்பம் வந்து உட்கார்ந்த இடம் ‘வாங்கியவை’ என்ற பட்டியல். அந்தப் பட்டியலில் இருப்பவை நான் தேடி, காசு கொடுத்து, எனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டவை. கேசட் காலத்தில் ஒருவர் வீட்டுக்குப் போனால் அலமாரியில் அடுக்கியிருக்கும் நாடாக்களைப் பார்த்தே அவர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு கணித்துவிடுவோம். அதற்கு இணையானது இது. அதில் வேறொருவர் கை எழுதிவிட்டது, அதுவும் ‘நீங்கள் இதை வாங்கினீர்கள்’ என்று எழுதிவிட்டது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


திண்ணைவாசி

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததை 50 கோடிப் பேருக்கும் யாராவது சொல்லியிருக்கலாம். பிடிக்கவில்லையென்றால் கேட்காமல் விட்டுவிடுவதில் என்ன சிரமம் இருக்கிறது? புதுப் போன் வாங்கினால் நாம் கேட்காத எத்தனையோ செயலிகள் அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. பங்குச் சந்தை நிலவரம் காட்டும் செயலியை நான் ஒருநாளும் திறந்ததில்லை, அதற்காகப் போராட்டமும் நடத்தியதில்லை. இசைக் கலைஞர்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியதைச் சும்மா கொடுத்தால் அதை நோய் என்று சொல்வது, எதிலும் குறை காணும் இணையப் பழக்கத்தின் விளைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.


நிரலாளர்_மதுரை

திண்ணைவாசி ஐயா சொல்லும் பழமொழியில், மாட்டைக் கொடுப்பவர் நம் கையில் கயிற்றைக் கொடுக்கிறார், நாமும் வாங்கிக்கொள்கிறோம். இங்கே மாடு நள்ளிரவில் நம் தொழுவத்தில் கட்டப்பட்டிருந்தது.

பழமொழியை விட்டுவிட்டு, உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விவகாரத்தைப் பற்றி எழுதுபவர்களில் பலர் இரண்டு வெவ்வேறு செயல்களை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். முதல் செயல், எல்லோருடைய கணக்கிலும் ‘இந்த ஆல்பம் வாங்கப்பட்டது’ என்ற குறிப்பைச் சேர்த்தது. இது விதிவிலக்கின்றி எல்லோருக்கும் நடந்தது. இரண்டாவது செயல், பாட்டுக் கோப்புகளே போனுக்குள் இறங்கியது; இது தானியங்கிப் பதிவிறக்கம் என்ற அமைப்பை இயக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் நடந்தது. அந்த அமைப்பு எதற்காக இருந்தது என்றால், நான் கணினியில் ஒரு பாட்டு வாங்கினால் அது என் போனுக்கும் தானாக வந்துசேர வேண்டும் என்பதற்காக. அதாவது, என் கொள்முதல்கள் என்னைப் பின்தொடரட்டும் என்று நான் கொடுத்த அனுமதியை, அடுத்தவர் எனக்காகச் செய்த ‘கொள்முதலுக்கும்’ நீட்டிக்கொண்டார்கள். சட்டப்படி அதில் தவறு காண முடியாமல் போகலாம். ஆனால் அனுமதி கொடுத்தவரின் மனத்தில் இருந்தது இதுவன்று.

இறங்காதவர்களுக்கும் நிம்மதி இல்லை. அவர்களது பாடல் பட்டியலில் ஆல்பத்தின் பெயரும் படமும் தெரியும், பக்கத்தில் மேகச் சின்னம் ஒன்று இருக்கும், தொட்டால் இணையத்திலிருந்து பாடும். போனிலிருந்து அழித்தால் கோப்புதான் போகுமே தவிர, கணக்கில் உள்ள குறிப்பு போகாது. ஆகவே அழித்த பிறகும் அதே பெயர் அதே மேகச் சின்னத்தோடு நின்றது. ‘பிடிக்கவில்லையென்றால் அழித்துவிடு’ என்ற எளிய பதில் பலரை இன்னும் எரிச்சலூட்டியதற்குக் காரணம் இதுதான். ஐட்யூன்ஸில் வாங்கியதை மறைத்துவைக்கும் வசதி ஒன்று இருந்தது, ஆனால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குப் பொறுமை வேண்டும். தனிப் பக்கம் திறக்கப்பட்ட பிறகே, உள்நுழைந்து ஒரு பொத்தானை அழுத்தி வேரோடு எடுக்க முடிந்தது.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆல்பம் ஏறத்தாழ 48 நிமிடம் ஓடுகிறது. ஐட்யூன்ஸ் விற்கும் தரத்தில் கணக்குப் போட்டால் 90 மெகாபைட்டுக்குச் சற்று மேலே வரும். இன்று இது ஒரு பொருட்டே இல்லை. அன்று 16 ஜிபி போன் வைத்திருந்தவர்கள் ஏராளம். ஆல்பம் வந்த எட்டாம் நாள், செப்டம்பர் 17 அன்று, ஐபோனின் புதிய இயங்குதளமான ஐஓஎஸ் 8 வெளிவந்தது, அதைப் போனிலிருந்தே நேரடியாக நிறுவ 5 ஜிபிக்கு மேல் காலி இடம் வேண்டியிருந்தது. குழந்தையின் படங்களில் எதை அழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவர் கண்ணில், தான் வைக்காத ஓர் ஆல்பம் பட்டால் என்ன நினைப்பார்?


டப்ளின்வாசி

நான் இந்த ஊரில் பதினைந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இங்கே யூ2 பற்றிப் பேச்செடுத்தால் ஒருவர் பெருமைப்படுவார், அடுத்தவர் முகம் சுளிப்பார், இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆகையால் நடுநிலை என்று எதையும் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

இந்த இழையில் இதுவரை யாரும் ஆல்பத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அதுதான் இந்தக் கதையின் பரிதாபமான பகுதி. அந்தக் குழு அதுவரை எழுதியவற்றில் மிகவும் அந்தரங்கமான ஆல்பம் அது. ஒரு பாட்டு போனோ வளர்ந்த தெருவைப் பற்றியது. வடக்கு டப்ளினில் உள்ள சாதாரண நடுத்தர வர்க்கத் தெரு, பார்க்கப் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். ஒரு பாட்டு அவருடைய தாயைப் பற்றியது. 1974-இல், அவருக்கு 14 வயதானபோது, அந்த அம்மா தன் தகப்பனாரின் இறுதிச் சடங்கில் மயங்கி விழுந்து பிறகு கண் திறக்காமலே இறந்துபோனார். இன்னொன்று அதே ஆண்டு மே 17 அன்று டப்ளினிலும் மோனகனிலும் வெடித்த கார் குண்டுகளைப் பற்றியது. அன்று 33 பேர் இறந்தார்கள், இங்கே வயதானவர்கள் இன்றும் அந்த நாளைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள்.

இப்படிப்பட்ட பாட்டுகளை நாமாகத் தேடிப்போய், இரவில் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். இறந்துபோன தாயைப் பற்றிய பாட்டை, பேருந்தில் போய்க்கொண்டிருப்பவரின் சட்டைப் பைக்குள் கேட்காமல் திணித்தால், அது அவருக்கும் சங்கடம், அந்தத் தாய்க்கும் மரியாதை இல்லை. விளையாட்டு அரங்குகளில் பிரம்மாண்டமாகப் பாடிப் பழகியவர்களுக்கு, சிறிய பாட்டைச் சிறிய குரலில் கொடுக்கத் தெரியாமல் போய்விட்டது என்று நான் நினைக்கிறேன். ரோலிங் ஸ்டோன் இதழ் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று இதற்கு முதலிடம் கொடுத்தது. அந்தத் தேர்வைக் கேலி செய்தவர்களில் எத்தனை பேர் ஆல்பத்தை முழுதாகக் கேட்டிருப்பார்கள் என்பது சந்தேகம்தான். ஆல்பம் வந்த வழியைப் பற்றிய சத்தத்தில் ஆல்பமே காதில் விழாமல் போயிற்று.


பழைய_நாடா

டப்ளின்வாசி எழுதியது எனக்குப் புதிய கோணம். நன்றி. பணத்தைப் பற்றியும் பேசிவிடலாம், ஏனென்றால் ‘சும்மா கொடுத்தார்கள்’ என்று திண்ணைவாசி எழுதியிருப்பது சரியன்று. நமக்குத்தான் அது இலவசம். குழுவுக்கு ஆப்பிள் பணம் கொடுத்தது. எங்களுக்குப் பணம் வந்தது, இசையை இலவசமாகக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை என்று போனோவே டைம் இதழிடம் சொன்னார். இதற்கான விளம்பரத்துக்கும் சேர்த்து ஆப்பிள் ஒதுக்கிய தொகை 10 கோடி டாலர் மதிப்புடையது என்று அப்போது செய்திகள் வந்தன. ஆகவே இது தானம் என்பதைவிட, ஒரு கடை மொத்தமாக வாங்கி வீடு வீடாக வைத்துவிட்டுப் போன சரக்கு என்பதே பொருந்தும்.

இதனால்தான் சக இசைக் கலைஞர்களின் எரிச்சல் ரசிகர்களின் எரிச்சலிலிருந்து வேறுபட்டிருந்தது. த பிளாக் கீஸ் குழுவின் பாட்ரிக் கார்னியும் பிங்க் ஃபிளாய்டின் நிக் மேசனும் சொன்ன குறை, இது இசையின் மதிப்பைக் குறைக்கிறது என்பது. யூ2 குழுவுக்குக் கொடுக்க ஆப்பிள் இருக்கிறது. வாரக் கடைசியில் வேன் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடும் குழுவுக்கு யார் இருக்கிறார்கள், இசை சும்மா வருவது என்று மக்கள் பழகிவிட்டால் அவர்கள் எதை விற்பார்கள் என்பது அவர்கள் கேள்வி.

இலவசமாகக் கொடுப்பது மட்டும்தான் குற்றம் என்றால் அதற்கு முன்பே பலர் திட்டு வாங்கியிருக்க வேண்டும். 2007 ஜூலையில் பிரின்ஸ் தன் புதிய ஆல்பத்தை ஒரு பிரிட்டிஷ் ஞாயிற்றுக்கிழமை நாளிதழோடு இலவசக் குறுந்தகடாகக் கொடுத்தார். கடைக்காரர்கள் கொதித்தார்கள், வாசகர்கள் கொதிக்கவில்லை, ஏனென்றால் நாளிதழை வாங்குவது அவர்கள் விருப்பம். அதே ஆண்டு அக்டோபரில் ரேடியோஹெட் குழு, விரும்பிய விலையைக் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள் என்று தன் ஆல்பத்தை இணையத்தில் வைத்தது. சுழியம் என்று போட்டாலும் கிடைக்கும். அதைப் பெருந்தன்மை என்றே பேசினார்கள். 2013-இல் ஜே-ஸீயின் ஆல்பத்தை சாம்சங் 10 லட்சம் பேருக்கு இலவசமாகக் கொடுத்தபோது ஒரு செயலியை நிறுவ வேண்டியிருந்தது, அந்தச் செயலி கேட்ட அனுமதிகள் அளவுக்கு மீறியவை என்று விமர்சனம் எழுந்தது, ஆனாலும் நிறுவலாமா வேண்டாமா என்ற முடிவு பயனரிடம் இருந்தது. இந்த மூன்றிலும் வாங்குபவர் ஓரடியாவது எடுத்துவைத்தார். நான்காவதில் அந்த ஓரடிக்கு இடமே தரவில்லை.


செல்வம்_திருப்பூர்

அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போகாமல் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்கிறேன், இந்தக் கோபம் எனக்கு ஏன் புரிகிறது என்று விளங்கும். 2011 வாக்கில் எனக்கு ஒரு சாதாரண பொத்தான் போன் இருந்தது. எந்த நிறுவனத்தின் இணைப்பு என்பது இங்கே வேண்டாம். ஒருநாள் கடன் வசூலுக்கு அழைத்த ஒருவர், ‘என்ன செல்வம், உங்கள் நம்பரில் குத்துப்பாட்டு ஓடுகிறதே’ என்று சிரித்தார். என்னை அழைப்பவர்களுக்கெல்லாம் ஒரு பாட்டுக் கேட்கிறது என்பதும், அதற்காக மாதம் 30 ரூபாய் என் இருப்பிலிருந்து போகிறது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் எந்த எண்ணையும் அழுத்தவில்லை. அந்த வாரம்தான் எங்கள் வீட்டில் ஒரு துக்கம் நடந்திருந்தது என்பதையும், அழைத்துத் துக்கம் விசாரித்த அத்தனை பேரும் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் பேசினார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

எனக்கு மட்டும் நடந்ததன்று இது. இப்படிப்பட்ட புகார்கள் குவிந்ததால்தான், 2013 ஜூலையில், எந்தக் கூடுதல் சேவையானாலும் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை ஒப்புதல் பெற்ற பிறகே தொடங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆணையிட்டது. போனது 30 ரூபாய். ஆனால் என் பெயரில் ஊருக்கே ஒரு பாட்டு ஓடியது என்பதை இன்றும் மறக்க முடியவில்லை.


திண்ணைவாசி

செல்வம் அவர்களின் அனுபவத்துக்கு வருந்துகிறேன். அது திருட்டு, இதில் யாருடைய இருப்பிலிருந்தும் காசு போகவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எல்லோரும் கோபப்பட்டார்கள் என்ற கணக்கையும் நான் ஏற்கவில்லை. கத்தியவர்கள் சத்தம் நமக்குக் கேட்டது, கேட்டு மகிழ்ந்தவர்கள் எங்கேயும் எழுதவில்லை. அக்டோபரில் ஆப்பிளின் எடி கியூ கொடுத்த கணக்குப்படி 8 கோடியே 10 லட்சம் பேர் அந்த ஆல்பத்தின் பாடல்களைக் கேட்டிருந்தார்கள், 2 கோடியே 60 லட்சம் பேர் முழு ஆல்பத்தையும் இறக்கியிருந்தார்கள். குழுவின் பழைய ஆல்பங்களும் அந்த வாரங்களில் விற்பனைப் பட்டியலில் ஏறின. தோல்வி என்று இதைச் சொல்ல முடியுமா? 1976-இல் தொடங்கிய ஒரு குழுவின் பாட்டை, அதன் பெயரே தெரியாத பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள் என்றால் அது நல்ல காரியம்தானே?


நிரலாளர்_மதுரை

எண்கள் சரி, ஆனால் அவற்றைத் திருப்பிப் போட்டும் படிக்கலாம். 50 கோடியில் 2 கோடியே 60 லட்சம் என்றால் நூற்றுக்கு ஐந்து பேர். அதே கியூ இன்னோர் எண்ணையும் கொடுத்தார்: ஐட்யூன்ஸ் கடை 2003-இல் திறந்ததிலிருந்து அதுவரை யூ2 பாடல்களைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் 1 கோடியே 40 லட்சம் பேர். ஆக, கேட்பவர் வட்டம் உண்மையிலேயே பெருகியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 100 பேர் வீட்டில் வைத்து 5 பேர் முழுதாக எடுத்துக்கொண்டால், மற்ற 95 பேர் வீட்டில் ஏன் வைத்தீர்கள் என்ற கேள்வியும் பெருகத்தானே செய்யும்? குறுந்தகடு அக்டோபர் நடுவில் கடைக்கு வந்தபோது அமெரிக்காவில் முதல் வாரம் விற்றது ஏறத்தாழ 28,000 பிரதிகள், பில்போர்ட் பட்டியலில் 9-ஆம் இடம். கையில் இருப்பதை யார் மறுபடி வாங்குவார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம்தான்.

என்னைப் போன்று கணினித் துறையில் இருப்பவர்களை இந்த விவகாரத்தில் உறுத்தியது வேறு. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் காரணமாக, வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கிய சில மின்னூல்களை அவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே அழித்தது. அவற்றில் ஒன்று, அரசு எல்லோரையும் கண்காணிக்கும் உலகைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ நாவல் என்பதை யாரும் புனைந்து சொன்னால் நம்பமாட்டோம். ஜெஃப் பெசோஸ் பிறகு மன்னிப்புக் கேட்டார். அங்கே எடுத்தார்கள், இங்கே வைத்தார்கள். எடுப்பதற்கும் வைப்பதற்கும் தேவை ஒரே சாவிதான். பதினோரு பாட்டு வந்த அன்று அந்தச் சாவி தங்கள் கையில் மட்டும் இல்லை என்பதைப் பலர் முதன்முறையாகக் கண்ணால் கண்டார்கள். அடிப்பது மட்டுமன்று, தடவிக்கொடுப்பதும் கை உள்ளே நீளும் என்பதைக் காட்டிவிடுகிறது.


மாலதி_கோவை

இந்த இழையை மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா என்று தயங்கினேன். எனக்கு இதில் குறை எதுவும் இல்லை, ஒரு சிறு கதைதான் இருக்கிறது.

அந்த ஆண்டு நான் புதுப் போன் வாங்கியதால் என் பழைய ஐபோனை அப்பாவுக்குக் கொடுத்திருந்தேன். அவர் பெயரில் ஒரு புதுக் கணக்குத் தொடங்கி, எல்லாம் தானாக இறங்கட்டும் என்று அந்த அமைப்பையும் நானே இயக்கிவைத்தேன். அவர் அதில் பேசுவார், வாட்ஸாப் பார்ப்பார், அவ்வளவுதான். பாட்டு என்று ஒன்றுமே அதில் இல்லை. ஒருநாள் காலையில் பொள்ளாச்சி சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, போனைக் காரின் கம்பியில் சொருகியதும், ஒரு கூட்டமே சேர்ந்து குரலெழுப்புவதுபோல ஓர் ஆங்கிலப் பாட்டு உரக்கத் தொடங்கியது. அப்பா காரை ஓரமாக நிறுத்திவிட்டு என்னை அழைத்தார். நான் அப்போது வேலைக்காக பெங்களூரில் இருந்தேன்.

‘நீ போட்ட பாட்டுப் பாடுதும்மா’ என்றார். எந்தப் பாட்டு என்று எனக்குப் புரியவில்லை. ‘நல்லாத்தான் இருக்கு, சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மாலையில் செய்தியைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவரிடம் நான் இன்றுவரை விளக்கவில்லை.


டப்ளின்வாசி

மாலதி அவர்களே, உங்கள் அப்பாவின் கதையைப் படித்தவுடன் போனோ கேட்ட மன்னிப்புகள் நினைவுக்கு வந்தன. இரண்டு முறை கேட்டார், இரண்டுக்கும் இடையில் எட்டு ஆண்டுகள்.

முதலாவது 2014 அக்டோபரில், ஃபேஸ்புக்கில் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன நிகழ்ச்சியில். இனிமேல் தயவுசெய்து யாருடைய பட்டியலிலும் தானாக இறங்கும்படி ஆல்பம் வெளியிடாதீர்கள், அது மிகவும் அநாகரிகம் என்று ஒருவர் எழுதியிருந்தார். மன்னிக்க வேண்டும் என்று தொடங்கிய போனோ, கொஞ்சம் அகந்தை, கொஞ்சம் தாராள மனம், கொஞ்சம் சுயவிளம்பரம், இவற்றோடு, ஆண்டுக்கணக்கில் உயிரைக் கொடுத்துச் செய்த பாட்டுகள் யார் காதிலும் விழாமலே போய்விடுமோ என்ற பெரிய பயம், இவையெல்லாம் சேர்ந்து தங்களை இழுத்துச் சென்றுவிட்டன என்று ஒப்புக்கொண்டார். அந்தக் கடைசிக் காரணத்தை நான் நம்புகிறேன். அதற்கு முந்தைய ஆல்பம் வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன, அதுவும் அவர்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பேசப்படவில்லை.

இரண்டாவது 2022-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில். அதில் குழுவின் மற்ற மூவரையும், மேலாளரையும், குக்கையும், கியூவையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விடுவித்துவிட்டு, முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று எழுதியிருக்கிறார். யோசனையை முதலில் கேட்ட டிம் குக், இசையைச் சும்மா கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தானே நாங்கள் இத்தனை ஆண்டு உழைத்திருக்கிறோம் என்று தயங்கினாராம். வாசலில் ஒரு பால் புட்டியை வைத்துவிட்டுப் போக நினைத்தோம், சிலர் வீட்டில் அது குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது என்பது அவர் சொல்லும் உவமை. டப்ளினில் அவர் வளர்ந்த காலத்தில் விடியற்காலையில் பால்காரர் கண்ணாடிப் புட்டிகளை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார் என்பதால், இங்குள்ளவர்களுக்கு அது உடனே புரிகிற உவமை.


பழைய_நாடா

நம் வீடுகளிலும் பால் பாக்கெட் வாசல் கதவில் மாட்டிய பையில்தான் வந்து விழுகிறது. ஆகவே அந்த உவமையை நாமும் எளிதாகப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் பால்காரரிடம் நாம்தான் முன்னமே அட்டை வாங்கியிருக்கிறோம் என்பதை போனோ அதில் விட்டுவிட்டார் என்று எனக்குப் படுகிறது. யூ2 குழுவின் அடுத்த ஆல்பம் 2017 டிசம்பரில் வந்தது, எல்லோருடைய ஆல்பத்தையும் போலக் கடையில் வந்தது. ஆப்பிளும் இந்த முறையை மறுபடி செய்யவில்லை. 2015 ஜூன் 30 அன்று ஆப்பிள் மியூசிக் தொடங்கிய பிறகு, மாதச் சந்தா கட்டி எல்லாப் பாட்டையும் வாடகைக்குக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டதால், ‘வாங்கியவை’ என்ற பட்டியலையே இப்போது யாரும் திறந்து பார்ப்பதில்லை. முகப்பில் கேட்காத ஆல்பங்கள் தினமும் பத்து நிற்கின்றன, நமக்குக் கோபமும் வருவதில்லை, ஏனென்றால் அது கடையின் அலமாரி என்று தெரியும்.

திண்ணைவாசி ஐயா, உங்கள் முடிவு என்ன?


திண்ணைவாசி

கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம் என்பதில் எனக்கு இப்போது மறுப்பில்லை. ‘வேண்டும்’ என்று ஒரு பொத்தான் வைத்திருந்தால் இந்த இழையே இருந்திருக்காது. 50 கோடி என்ற எண்ணும் மேடையில் சொல்லக் கிடைத்திருக்காது, அதற்காகத்தான் பொத்தான் வைக்கவில்லை என்பதையும் நிரலாளர் எழுதியதிலிருந்து நானாக ஊகித்துக்கொண்டேன். ஆனாலும் நோய் என்றெல்லாம் திட்டியது அதிகம் என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மாலதி அவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் அப்பாவிடம் ஏன் விளக்கவில்லை?


மாலதி_கோவை

அன்று விளக்கத்தான் நினைத்தேன். ஆனால் வார இறுதியில் ஊருக்குப் போனபோது, அவர் பக்கத்து வீட்டு மாமாவைக் காரில் உட்காரவைத்து அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ‘மக பெங்களூர்ல இருந்தே போட்டுவிட்டிருக்கா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அகற்றும் பக்கத்தின் முகவரியை நான் போனில் எழுதிவைத்திருந்தேன், அதைத் திறக்கவில்லை. இப்போது அவர் வைத்திருப்பது மூன்றாவது போன், கணக்கு மட்டும் அதேதான். அந்த ஆல்பமும் அதில் இருக்கிறது. குழுவின் பெயர் அவருக்கு இன்னும் தெரியாது. ‘மாலதி பாட்டு’ என்கிறார்.